கண்ட்ரோலர் சார் அந்தப் பதிவை அழிக்கவில்லை

இன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு, மீர்சாகிப்பேட்டை மார்க்கெட் வாசலில், கண்ட்ரோலர் சாரை நேரில் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் முகம் கூடக் கழுவாமல் உட்கார்ந்து டைப் செய்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதலில் ஒன்று. சார் இல்லை, மேடம். பெயர் அஸ்மத்துன்னிசா. வயது அறுபத்திரண்டு. நான் ஒரு 'சாரை'த் தேடி, அந்தப் பக்கம் போன வழுக்கைத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாம்மா, யாரைத் தேடிக்கினு கீறே?"

கறுப்பு புர்கா, தோளில் ஒரு துணிப்பை. பைக்கு வெளியே இரண்டு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தன.

"கண்ட்ரோலர் சார்னு ஒருத்தர் இங்க வரேன்னு சொல்லியிருந்தார்."

"வந்தாச்சு. நட."

இருபது வருடமாக ஆயிரக்கணக்கான பேர் 'சார் சார்' என்று கூப்பிட்ட ஆளுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றேன். "ஏன் மேடம் யார்கிட்டயும் சொல்லவே இல்ல?" என்று கேட்டதற்கு, "மோட்டார் ஓடலன்னு கேட்டாங்க. நான் ஆம்பளையா பொம்பளையான்னு எவனும் கேக்கல" என்றார்.

திருப்புளி மன்றம் என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. திருப்புளி என்றால் ஸ்க்ரூ டிரைவர். மோட்டார், மிக்சி, ஃபேன், இன்வெர்ட்டர் என்று வீட்டில் எது கெட்டுப்போனாலும் போய்க் கேட்பதற்காக 2005-இல் தொடங்கிய இணைய மன்றம் அது. அதை நடத்துகிறவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர்தான் 'கண்ட்ரோலர்'. அங்கே ஒவ்வொரு கேள்வியும் ஒரு திரி. ஒவ்வொரு திரிக்கும் ஒரு எண். பத்து வருடம் கழித்துத் தேடிப் போனாலும் அந்தக் கேள்வி அந்த எண்ணில் அப்படியே உட்கார்ந்திருக்கும், பதில்களோடு. ஆரம்ப காலத் திரிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். தமிழில் டைப் செய்ய ஆளில்லாமல் எல்லாரும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறார்கள். 2010 வாக்கில் ஒரு நாளைக்கு முந்நூறு பதிவுகள் வந்த இடம். போன வாரம் முழுக்க வந்தவை ஆறு. அதில் நாலு, ஏதோ மாத்திரை விற்கிற எந்திரம் போட்டது. மேடம் தினமும் காலையில் எழுந்ததும் அந்தக் குப்பையைப் பெருக்கித் தள்ளுகிறார்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும்: "கேட்டவர் திரும்பி வந்து முடிவு சொல்ல வேண்டும். சொல்லாதவர் அடுத்த கேள்வி கேட்க முடியாது." ஒருவர் சொன்ன யோசனையைச் செய்து பார்த்தீர்களா, மோட்டார் ஓடியதா, புகைந்ததா, எலக்ட்ரீஷியன் வந்து சிரித்தாரா, எதுவானாலும் வந்து எழுத வேண்டும். முடிவு எழுதினால்தான் திரி மூடப்படும். முடிவை யாரும் அழிக்கக் கூடாது. 'நன்றி' என்று மட்டும் போட்டால் கண்ட்ரோலர் வந்து, "நன்றி வேண்டாம். முடிவு எழுதவும்" என்று போடுவார். எத்தனை பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இதை ஏதாவது ஃபேஸ்புக் குரூப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் கேள்வி கேட்பார். நாற்பது பேர் 'ஃபாலோயிங்' என்று போடுவார்கள். பத்துப் பேர் அவரவர் கடை நம்பரைப் போடுவார்கள். நாலு பேர் சண்டை போடுவார்கள். மறுநாள் அந்தக் கேள்வி எங்கே போனது என்று கேட்டவருக்கே தெரியாது. அடுத்த வாரம் அதே கேள்வியை இன்னொருவர் கேட்பார். அதே நாற்பது பேர் மறுபடியும் ஃபாலோ செய்வார்கள். கடைசியில் அந்த மோட்டார் ஓடியதா இல்லையா என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. வாட்ஸப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். குட் மார்னிங் படங்களுக்குக் கீழே புதைந்து கிடக்கும்.

நான் மந்தைவெளியில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்பின் சம்ப் மோட்டார் ஓடாமல் முனகியது. செக்ரட்டரி கருணாகரன் அங்கிள் ஒரு ரீல் பார்த்துவிட்டு, மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சரைப் பெரிதாகப் போட்டால் ஓடிவிடும் என்று ஒன்றைக் கையோடு வாங்கியே வந்துவிட்டார். எனக்கு என்னவோ பயம். கூகிளில் தேடினேன். திருப்புளி மன்றத்தின் திரி 4417 வந்தது. அச்சு அசலாக எங்கள் கேள்வி. யோசனை: இருபது எம்எஃப்டி அளவுள்ள கண்டென்சரை எடுத்துவிட்டு முப்பத்தாறு போடுங்கள். அதற்குக் கீழே, கேட்டவரின் முடிவு:

"முப்பத்தாறு போட்டோம். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மோட்டாரின் காயில் கருகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங்தான் இறுகியிருந்தது. கண்டென்சரில் கோளாறே இல்லை. பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. என் அம்மா படுக்கையில் இருக்கிறார். இந்த யோசனையை யாரும் செய்யாதீர்கள். - செம்பியன், கோடம்பாக்கம்."

அதை அங்கிளிடம் காட்டினேன். அவர் கண்டென்சரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். எங்கள் மோட்டாரிலும் பேரிங்தான்.

நன்றி சொல்வதற்காக மன்றத்தில் சேர்ந்தேன். வழக்கமான பதில் வந்தது: "நன்றி வேண்டாம். முடிவு எழுதவும்." எழுதினேன். அப்போதுதான் மன்றத்தின் மேல் பக்கத்தில் ஒரு புதுத் திரி கண்ணில் பட்டது. இருபது வருடத்தில் கண்ட்ரோலர் தாமே கேட்ட முதல் கேள்வி: "மன்றத்தின் இணைய முகவரி இன்னொருவர் பெயரில் உள்ளது. இந்த மாதம் முப்பதாம் தேதி காலாவதி ஆகிறது. மீட்பது எப்படி?"

அதில் மூன்றே பேர் பதில் எழுதியிருந்தார்கள். வக்கீல் நோட்டீஸ் என்று ஒருவர். விட்டுவிடுங்கள், காலம் மாறிவிட்டது என்று இருவர். நான் நாலாவதாக எழுதினேன்: "நேரில் போய்க் கேளுங்கள். துணைக்கு நானும் வருகிறேன்."

அப்படித்தான் இன்று காலை மார்க்கெட் வாசலில் நின்றேன்.

மேடத்தின் வீடு மார்க்கெட்டுக்குப் பின் சந்தில், மாடியில். பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரிகல் லேபில் முப்பத்தோரு வருடம் இன்ஸ்ட்ரக்டர். டிப்ளமா படித்த காலத்தில் வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொரு பெண் கல்யாணமாகிப் பாதியில் போய்விட்டார். "நான் மட்டும் தனியா பெஞ்சுல. மோட்டாரைப் பிரிக்கச் சொன்னா பசங்க எனக்கு ஸ்பானர் குடுக்க மாட்டானுங்க. நோட்டுல எழுதிக்க மட்டும் வுடுவானுங்க. அதான் எழுதக் கத்துக்கினேன். எவன் பிரிச்சான், எதைத் தப்பா மாட்டினான், எது வெடிச்சுது, எல்லாம் என் நோட்டுல கீது. கடைசியில பரீட்சைக்கு எல்லா நாய்ங்களும் என் நோட்டைத்தான் கேட்டு வந்துச்சு."

நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன்.

"அதை உள்ள வை. படம் எதுக்கு?"

"உங்களைப் பத்தி எழுதலாம்னு மேடம்."

"எங்க?"

"ஃபேஸ்புக்ல."

என்னைப் பார்த்த பார்வையில் என் கண்டென்சரே வெடித்திருக்கும். "கொன்னவன் வூட்டுலயே போய்க் காரியச் சாப்பாடு போடறியா? போடு, போடு. நாளைக்குத் தேடினா கிடைக்குமா அது?"

"லிங்க் குடுக்கறேன் மேடம். போஸ்ட்ல லிங்க் போட்டா ஃபேஸ்புக்காரன் ஆளுங்களுக்குக் காட்ட மாட்டான். அதனால மொதல் கமெண்ட்ல போடுவோம்."

"வூட்டு அட்ரஸை எதிர்த்த வூட்டுச் செவுத்துல எழுதற மாதிரி. இதுக்குப் பேரு வளர்ச்சி." டீயை என் முன்னால் டக்கென்று வைத்தார். "குடி. ஆறிப் போவுது."

அடையாறில் இருக்கிற மகள் தஹ்சீன், "எல்லாத்தையும் ஒரு வாட்ஸப் குரூப்பா மாத்திடும்மா" என்று சொல்லிப் பார்த்து, திட்டு வாங்கி, நிறுத்திவிட்டாராம்.

யார் பெயரில் முகவரி என்று இப்போது சொல்கிறேன். கோபாலபுரத்தில் இருக்கும் வெங்கடரமணன். மன்றத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். கம்ப்யூட்டர் வேலை அவருடையது, மோட்டார் அறிவு மேடத்துடையது. பதினோரு வருடம் ஒன்றாக நடத்தினார்கள். 2010-இல் நாகேஸ்வர ராவ் பூங்காவில் உறுப்பினர் கூட்டம் போட்டார்கள். நாற்பது பேர் வந்து கண்ட்ரோலர் சாருக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் சமோசா டப்பாவோடு உட்கார்ந்திருந்த மேடத்தைப் பார்த்து ஒருவர், "அம்மா, கொஞ்சம் எழுந்துக்கோங்க, இங்க ஒரு மீட்டிங் இருக்கு" என்றாராம். "தெரியும். டப்பாவைப் புடி" என்று அவர் கையிலேயே கொடுத்தாராம். இதைச் சொல்லும்போது மட்டும் மேடம் சிரித்தார்.

2016 மே மாதம் சண்டை. திரி 4417-இல் 'முப்பத்தாறு போடு' என்று யோசனை சொன்னவர் வெங்கடரமணன்தான். செம்பியனின் முடிவு வந்த அன்றைக்கே அவர் அதை அழித்தார். ஒரு மணி நேரத்தில் மேடம் அதைத் திரும்ப ஏற்றி, கீழே ஒரு வரி போட்டார்: "முடிவு அழிக்கப்படாது." அழிக்கிற அதிகாரத்தையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார். அந்த வாரமே அவர் ஃபேஸ்புக்கில் ஒரு குரூப் தொடங்கினார். மன்றத்து ஆட்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பிக் கூட்டிப் போனார். இன்று அந்தக் குரூப்பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். அது போதாதென்று ரீல் வேறு. எங்கள் கருணாகரன் அங்கிள் பார்த்த ரீல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? "மோட்டார் முனகறதா? மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்கோ." நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் கழித்து அதே யோசனை, அதே முப்பத்தாறு.

சண்டைக்கு முன்பு, நட்பாக இருந்த காலத்தில், முகவரியை அவர் பத்து வருடத்துக்குச் சேர்த்துப் பதிந்திருந்தார். அந்தப் பத்து வருடம்தான் இப்போது முடிகிறது. அதை மேடம் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் அவர் போனுக்கு வருகிற ஓ.டி.பி. வேண்டும். பதிவுகள் எல்லாம் மேடத்திடம் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் முகவரி போனால் இருபது வருடத்து லிங்க் எல்லாம் செத்துவிடும். மோட்டார் முனகுகிறது என்று கூகிளில் தேடுகிறவருக்கு 4417 வராது. ரீல்தான் வரும். மேடத்துக்கு வேண்டியது அந்த ஆறு எண்கள். அவ்வளவுதான்.

ஆட்டோவில் போனோம். ராயப்பேட்டையில் மெட்ரோ வேலைக்காக ரோட்டைச் சுற்றி விட்டிருந்தார்கள். மேடம் முருங்கைக்காயைப் பையிலிருந்து எடுக்க மறந்திருந்தார். அதை அணைத்துப் பிடித்தபடியே வந்தார்.

பழைய பங்களா வீடு. ஹாலில் வட்ட விளக்கு, டிரைபாட், பின்னால் ரீலில் பார்த்த அதே நீலத் திரை. வெங்கடரமணன் எழுந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை.

"வாங்கோ நிசா மேடம். ஒன்பது வருஷம் ஆச்சு. உக்காருங்கோ."

"உக்கார வரல சார். முகவரி முப்பதாம் தேதி போவுது. மாத்திக் குடுங்க."

"இது யாரு?"

"சாருலதா. மன்றத்து ஆளு."

"அடேங்கப்பா, இன்னும் சேர்ந்துண்டிருக்காளா அங்க? மொத்தம் எத்தனை பேர் இப்போ? அஞ்சா, ஆறா?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, நேத்திக்கு நான் மிக்சி சத்தம் பத்தி ஒண்ணு போட்டேன். காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டாயிரம் லைக்."

"எத்தினி மிக்சி சரியாச்சு?" என்றார் மேடம்.

உள்ளேயிருந்து அவர் மனைவி கோமளம் மாமி காபியோடு வந்தார். டம்ளரை வைத்துவிட்டு, "நம்மாத்து மிக்சி சரியாச்சு" என்றார். "போன வருஷம் கப்ளர் போயிடுத்து. இவரைக் கேட்டா ஷூட்டிங்ல இருக்கேன்னுட்டார். நான் உங்க மன்றத்துல பார்த்துத்தான் மாத்தினேன்."

வெங்கடரமணன் முகம் போன போக்கை நான் படம் பிடித்திருக்க வேண்டும்.

மேடம் மாமியைப் பார்த்து, "முடிவு எழுதினீங்களா?" என்றார்.

"ஐயோ, எனக்கு அதெல்லாம் எழுத வராதே."

"படிக்க வந்துச்சு இல்ல?"

மாமி உள்ளே போய்விட்டார். ஆதரவாக வந்த ஒரே ஆளையும் மேடம் துரத்திவிட்டார்.

வெங்கடரமணன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். "ஓ.டி.பி. குடுக்க எனக்கு அரை நிமிஷம் ஆகாது. ஆனா அதுக்கு முன்னாடி நான் பேசணும். பதினோரு வருஷம் அந்த சர்வருக்கு என் கைக்காசைக் கட்டினேன். ராத்திரி பகலா உக்காந்து அதைக் கட்டினவன் நான். நான் கட்டின வீட்டுலேர்ந்து என்னையே வெளியில தள்ளினேள்."

"தள்ளல. அழிக்கற கையை மட்டும்தான் எடுத்தேன். எழுதற கை இன்னும் கீது. உங்க பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே கீது. வந்து எழுதுங்க."

"4417. அந்தக் கடைசிப் பதிவை எடுத்துடுங்கோ. இப்பவே ஓ.டி.பி. தரேன்."

ஹாலில் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. நான் மேடத்தின் காதில், "பேரை மட்டும் எடுத்துடலாமே" என்றேன். அவர் இறங்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன், அதை யாரும் மறுக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

"உங்க பேரை எடுத்துடறேன் சார். யோசனை சொன்னவர் 'ஒரு உறுப்பினர்'னு போட்டுடறேன். முடிவு மட்டும் இருக்கட்டும்."

"பேரு எனக்குப் பிரச்சினை இல்லை மேடம். அந்த நம்பர்தான். முப்பத்தாறு, கருகிடுத்து, ஒம்பது நாள் தண்ணி இல்லை, அது இருக்கற வரைக்கும் எவனாவது ஒருத்தன் அதைக் கொண்டுவந்து என் வீடியோவுக்குக் கீழ ஒட்டிண்டே இருக்கான். நானும் அழிச்சுண்டே இருக்கேன்."

"அப்ப வீடியோவை மாத்துங்க."

"நாலு லட்சம் பேர் பார்த்தது அது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பதிவு இருக்கு அங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒண்ணு. அதுக்காக மீதி எல்லாத்தையும் குப்பையில போடறேளா? யாருக்கு இதுல நஷ்டம்?"

"ஒண்ணை எடுத்தா மீதி ரெண்டு லட்சத்தை எவன் சார் நம்புவான்? அங்க வர்றவன் எதுக்கு வர்றான்? கருகினதையும் எழுதியிருப்பாங்கன்னு வர்றான். வேணும்னா நீங்களே வந்து அதுக்குக் கீழ எழுதுங்க. அப்ப சரியாத் தெரியாம சொன்னேன்னு ஒரு வரி. அத்தோட திரியை மூடிடறேன்."

"என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்றேளா?"

"முடிவு எழுதச் சொல்றேன். மன்னிப்புக்கு நம்ம மன்றத்துல தனிப் பகுதி இல்ல."

அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "முப்பதாம் தேதிக்கு அப்புறம் அந்த முகவரியை நானே புதுப்பிச்சு, என் குரூப்புக்குத் திருப்பி விட்டுப்பேன். உங்க பழைய லிங்கைத் தட்டினா என் மூஞ்சிதான் வரும். போயிட்டு வரேளா?"

மேடம் காபியைத் தொடவில்லை. "வரோம் சார்" என்று எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "உங்க ஹால் ஃபேன் பேரிங் போவுது. சத்தம் கேக்குது. கண்டென்சரைப் பெருசாப் போட்டுராதீங்க" என்றார்.

திரும்பும் ஆட்டோவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கேட்டேன். "ஒரே ஒரு பதிவுதானே மேடம். முகவரியை வாங்கிட்டு அப்புறமா திரும்ப ஏத்தியிருக்கலாம். அவர் மட்டும் உங்களுக்கு நியாயமாவா நடந்துக்கிட்டார்?"

"உங்க பில்டிங் மோட்டார் எதுனால தப்பிச்சுது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லு. ரெண்டு லட்சம் பதிவுனாலயா, அந்த ஒண்ணுனாலயா?"

"அந்த ஒண்ணு."

"அப்புறம் என்ன கேள்வி? செம்பியன் அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணி இல்லாம பக்கத்துத் தெருவுலேர்ந்து குடத்துல தூக்கிக்கினு வந்து, அதுக்கு நடுவுல உக்காந்து அதை எழுதினான். ஏன்? அவன் மோட்டார் கருகிப் போச்சு, அவனுக்கு இனிமே ஆவப்போறது ஒண்ணும் இல்ல. நீ எவளோ ஒருத்தி ஒம்பது வருஷம் கழிச்சு மந்தைவெளியில தேடுவேன்னு எழுதினான். அதை எடுத்துக் குடுத்து ஓ.டி.பி. வாங்கணுமா? அழாதே. ஆட்டோக்காரர் என்னைத் தப்பா நினைக்கப் போறாரு."

"நான் ஒண்ணும் நினைக்கலம்மா" என்றார் ஆட்டோக்காரர் முன்னாலிருந்து. "என் வூட்டு மோட்டாரும் முனகுது. இன்னா பண்ணணும்?"

"வூட்டுக்குப் போய்த் தேடு நைனா. முன்னாடியே கேட்டிருக்காங்க."

வீட்டுக்கு வந்ததும் முருங்கைக்காயைக் கூட எடுத்து வைக்காமல் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். தான் கேட்ட கேள்வித் திரியைத் திறந்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விரலால் டைப் செய்தார், ஆனால் பயங்கர வேகம்.

"யோசனை: நேரில் போய்க் கேட்டல் (சொன்னவர் சாருலதா, மந்தைவெளி). செய்து பார்த்தேன். முடிவு: பலிக்கவில்லை. 4417-இன் முடிவை அழித்தால் தருவதாகச் சொன்னார். அழிக்கவில்லை. முகவரி முப்பதாம் தேதியோடு போகும். திரி மூடப்பட்டது. - அஸ்மத்துன்னிசா."

இருபது வருடத்தில் முதல் தடவையாகக் 'கண்ட்ரோலர்' என்று போடாமல் தன் பெயரைப் போட்டிருக்கிறார். அதை விட எனக்கு உறைத்தது இன்னொன்று. என் பெயருக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி, 'பலிக்கவில்லை' என்று நிற்கிறது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த வார்த்தையைக் கொஞ்சம் மாற்றச் சொல்லலாமா என்று தோன்றியது. வெங்கடரமணனுக்கு அன்றைக்குத் தோன்றியதும் இதுதானே. நான் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். நாளைக்கு வேறு யாராவது, வேறு ஊரில், வேறு ஒரு மன்றத்தைக் காப்பாற்றத் தேடும்போது, நேரில் போய்க் கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லைக் வேண்டாம், 'ஃபாலோயிங்' என்று தயவுசெய்து போடாதீர்கள். முப்பதாம் தேதி வரை பழைய முகவரி வேலை செய்யும். அதற்குப் பிறகு அதைத் தட்டினால் நீலத் திரைக்கு முன்னால் ஒரு மடிப்புக் கலையாத சட்டை வரும், ஏமாறாதீர்கள். மன்றத்துக்கு மேடம் தன் பெயரிலேயே இன்று பதிந்த புது முகவரி முதல் கமெண்டில் இருக்கிறது. எதிர்வீட்டுச் சுவரில்தான் எழுதியிருக்கிறேன், மேடம் மன்னிக்க வேண்டும். எங்கேயாவது பழைய லிங்கை ஒட்டி வைத்திருந்தால் புதியதை மாற்றி ஒட்டுங்கள். உங்கள் குடியிருப்பு குரூப்பில் பகிருங்கள், முக்கியமாக அந்த முப்பத்தாறு ரீல் சுற்றிய குரூப்களில்.

2005-இலிருந்து இன்று வரை அங்கே போய் ஒரு பதிலைப் படித்து, ஒரு ஃபேனையோ மிக்சியையோ ஓட வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டீர்கள் என்றால், திரும்பிப் போங்கள். எழுத வராது என்று சொல்லாதீர்கள். படிக்க வந்தது அல்லவா? ஓடியதா, கருகியதா, ஒரு வரி. போய் முடிவு எழுதுங்கள்.